சோற்று வரிசையும் தபால் பையும்: போர் முகாமில் நம் ஆட்கள்

யானைக்கவுனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், ஜனவரி 1 அன்று பீமா கோரேகான் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1818ல் நடந்த சண்டை, அந்தத் தூண், அதில் பொறித்த 49 பெயர்களில் 22 பெயர்கள் மகர்களுடையவை என்பது, 1927 ஜனவரி 1ல் பாபாசாகேப் அங்கே போய் நின்றது, எல்லாம் சொல்லி முடித்தேன். பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "அக்கா, அது மகாராஷ்டிரா. நம்ம மெட்ராஸ் ஆளுங்க யாருமே சண்டைக்குப் போவலியா? போயிருந்தா அங்க என்ன பண்ணாங்க? என்ன துன்னாங்க?"

கடைசிக் கேள்விக்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவன் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான் என்று பட்டது. ஒரு படையில் யார் சுட்டார்கள் என்பதைத் தூண்கள் சொல்லும். யார் சமைத்தார்கள், யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், யார் வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதைத் தூண்கள் சொல்லாது. ஆனால் சாதி வேலை செய்கிற இடம் அதுதான். அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

மதிலுக்குப் பின்னால் ஒரு முற்றுகை

முதலில் நாம் நிற்கிற இடத்தைப் பார்ப்போம். கவுனி என்றால் கோட்டை வாசல். யானைக்கவுனி, கருப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் ஒரு வாசல். அந்த மதில் ஒரு போரால் வந்தது. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து கருப்பர் நகரத்தைப் பிடித்துக்கொண்டு ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. நகரத்துக்குள் நுழைந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் முதலில் செய்த வேலை வீடுகளைக் கொள்ளையடித்ததும், கிடைத்த சாராயத்தைக் குடித்ததும்தான். அவர்கள் போதையில் இருப்பது தெரிந்து, கோட்டைக்குள்ளிருந்து டிரேப்பர் என்ற அதிகாரி படையோடு வெளியே வந்து தாக்கினார். தெருக்களிலேயே சண்டை நடந்தது. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. அதற்குப் பிறகுதான் கருப்பர் நகரத்தைச் சுற்றி மதிலும் கவுனிகளும் வந்தன. மதில் செலவுக்கு வரி போடலாம் என்ற யோசனையில் பிறந்த பெயர்தான் இன்றைய வால்டாக்ஸ் ரோடு.

ஆக, நம் தெருவின் பெயரிலேயே ஒரு போர் இருக்கிறது. அந்தப் போரில் எந்தத் தளபதி எங்கே நின்றார் என்பது புத்தகத்தில் இருக்கிறது. கொள்ளை போன வீடுகளில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்பது இல்லை.

கஞ்சித் தண்ணீர்க் கதை

சிப்பாயின் சாப்பாடு பற்றி நம் பக்கத்தில் மிகவும் பேர்போன கதை, 1751 ஆற்காடு முற்றுகையில் நடந்ததாகச் சொல்லப்படுவது. ராபர்ட் கிளைவின் சிறு படை ஐம்பது நாள் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தது. அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. அப்போது இந்தியச் சிப்பாய்கள் கிளைவிடம் போய், சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சித் தண்ணீர் எங்களுக்குப் போதும் என்றார்களாம். 1840ல் மெக்காலே எழுதிய கட்டுரை இந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இந்தியனின் விசுவாசத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது அவர் தொனி.

முற்றுகை நடந்து கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து எழுதியது அது. உண்மையா, புனைவா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கதை என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒரே கோட்டை, ஒரே பசி. ஒருவனுக்குச் சோறு, இன்னொருவனுக்குக் கஞ்சித் தண்ணீர். அது அநியாயமாகத் தெரியாமல் தியாகமாகத் தெரிகிறது. கஞ்சி குடித்தவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பழைய கஞ்சி வாங்கிக் குடித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தக் கதையின் அமைப்பு நமக்குப் புதிதில்லை.

மெட்ராஸ் படையில் இருந்தவர்கள்

கம்பெனியின் மெட்ராஸ் படையில் ஆரம்பம் முதலே பறையர்கள் இருந்தார்கள். வங்காளப் படையில் மேல்சாதிச் சிப்பாய்கள் அதிகம். அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்வது வழக்கம். மெட்ராஸ் படை அப்படி இல்லை. இங்கே சிப்பாய்கள் குடும்பத்தோடு படை போகிற ஊருக்கெல்லாம் போனார்கள். பெண்டாட்டி, பிள்ளை, கிழவி, கோழிக்கூடை எல்லாம் சேர்ந்து நகர்கிற ஒரு ஊராகவே அது இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் "போர்ச்சாதிகள்" என்ற கோட்பாடு வந்தது. பஞ்சாபியும் கூர்க்காவும் வீரர்கள், தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அதன் சாரம். மெட்ராஸ் படைக்கே தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இதைப் பலமாகப் பேசியவர். மேற்கே 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதே நின்றது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். அந்த ஆணையை எதிர்த்து மனு கொடுக்க முயன்றவர்களில் அவரும் ஒருவர். தெற்கே மெட்ராஸ் காலாட்படை சிறுகச் சிறுகச் சுருங்கியது. நம் ஆட்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் மண்வெட்டி பிடிக்கிற படைகள்: சாலை போடும் பயனியர் படைகள், பாலம் கட்டும் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்.

ஒரு விஷயம் கவனியுங்கள். அன்றைய ராணுவ ஆள்சேர்ப்புப் பட்டியல்களில் மெட்ராஸ் படைகளுக்கு "தமிழர்" என்று ஒரு வகுப்பு, "பறையர், கிறிஸ்தவர்" என்று இன்னொரு வகுப்பு. நாம் தமிழர் கணக்கில்கூட வரவில்லை. பட்டியல் எழுதியவன் வெள்ளைக்காரன். அவனுக்கு அந்தப் பிரிவினையைச் சொல்லிக் கொடுத்தது நம் ஊர்தான்.

இதற்குள்ளும் ஒரு விதிவிலக்கு இருந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்கள் சாதி பார்க்காமல் ஒன்றாக வேலை செய்து ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். "தம்பி" என்பதுதான் அவர்களுக்கு ராணுவம் முழுக்க வழங்கிய செல்லப்பெயர். ஊரில் தனிக்குவளை வைத்திருந்த காலத்தில், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் ஏன் வெள்ளைக்காரன் படையில் சேர்ந்தார்கள் என்று இன்று நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு, அந்தப் பந்தி ஒரு பதில்.

எம்டன் வந்த ராத்திரி

1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோய் நிறையப் பேர் ஊரைக் காலி செய்தார்கள். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்த ராத்திரியில் வந்த சொல்.

அதே பர்மா ஆயில் கம்பெனிதான் பாரசீகத்தில் எண்ணெய் எடுக்க ஆங்கிலோ-பெர்சியன் கம்பெனியை 1909ல் தொடங்கியது. அதன் அபாதான் சுத்திகரிப்பு ஆலை பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில், பஸ்ராவுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த எண்ணெயைக் காப்பதும் ஒரு காரணமாக, 1914 நவம்பரில் இந்தியப் படை அங்கே இறங்கியது. இன்றைய ஈராக்கை அப்போது மெசபடோமியா என்றார்கள். ராயபுரம் கடலோரத்தில் எரிந்த எண்ணெயும், நம் ஆட்கள் மண் சுமந்த பாலைவனமும் ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தன.

சென்னையிலிருந்து பெங்களூருக்கோ பம்பாய்க்கோ போகிற ரயில் சென்ட்ரலை விட்டுக் கிளம்பியதும், இன்று யானைக்கவுனிப் பாலம் இருக்கிற இடத்தைத் தாண்டித்தான் பேசின் பிரிட்ஜ் போகும். படையில் சேர்ந்து அந்த வழியாகப் போனவர்கள் சென்னையைக் கடைசியாகப் பார்த்த இடங்களில் நம் இடமும் ஒன்று.

ஒன்றரை பவுண்டு ஆட்டா

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். என்ன சாப்பிட்டார்கள்?

போர் தொடங்கியபோது களத்தில் இருந்த இந்தியச் சிப்பாய்க்கு ஒரு நாள் ரேஷன்: ஒன்றரை பவுண்டு ஆட்டா அல்லது அரிசி, கால் பவுண்டு பருப்பு, இரண்டு அவுன்ஸ் நெய், கொஞ்சம் வெல்லம், உருளைக்கிழங்கு, உப்பு, டீத்தூள், மிளகாய், மஞ்சள், இஞ்சி, பூண்டு. இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குக் கால் பவுண்டு இறைச்சி. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைச் சிப்பாய்க்கு ஒரு பவுண்டு இறைச்சி, அதாவது நாலு மடங்கு. இந்தியனுக்குப் பருப்பும் ரொட்டியும் போதும் என்பது கணக்குப் போட்டவர்களின் நினைப்பு. ஊரில் அவன் கீரையும் காயும் புளியும் சேர்த்துச் சாப்பிடுகிறவன் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

அதன் விளைவு உடம்பில் தெரிந்தது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், கால் கறுக்கும், எழுந்து நிற்க முடியாது. ஸ்கர்வி. பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாததால் வருகிற நோய். மெசபடோமியாவில் 1916ல் மட்டும் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் இதனால் விழுந்தார்கள். அதே களத்தில் வெள்ளைச் சிப்பாய்களைத் தாக்கியது பெரிபெரி. அவர்கள் சாப்பிட்டது தவிடு நீக்கிய வெள்ளை மாவு. இந்தியர்களின் ஆட்டாவில் தவிடு இருந்தது. ஒரே ஆற்றங்கரையில், தட்டில் விழுந்ததைப் பொறுத்து ஆளுக்கொரு நோய். இதற்குப் பிறகுதான் ரேஷன் பட்டியலில் இறைச்சியையும் காயையும் கூட்டினார்கள்.

இதன் உச்சம் கூட் அல் அமாரா. 1915 டிசம்பர் தொடக்கத்தில் துருக்கிப் படை அந்த ஊரைச் சூழ்ந்தது. 1916 ஏப்ரல் 29 வரை, கிட்டத்தட்ட ஐந்து மாதம். உணவு தீர்ந்தபோது குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் வெட்டினார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் சாப்பிட்டார்கள். இந்தியர்களில் மிகப் பலர் மறுத்தார்கள். சாப்பிடலாம், பாவமில்லை என்று இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதியை வரவழைத்துக் காட்டினார் தளபதி டவுன்ஷெண்ட். அப்போதும் பலர் தயங்கினார்கள். செத்துப்போவதைவிட, உயிரோடு ஊர் திரும்பிச் சாதி விலக்கத்தைச் சந்திப்பதுதான் அவர்களுக்குப் பெரிய பயம். கடைசி நாட்களில் விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள், பற்றவில்லை.

சாதி கடல் தாண்டாது என்று நம் ஆட்கள் சிலர் நம்பியிருக்கலாம். பாலைவனத்து முற்றுகைக்குள் பட்டினி கிடக்கிற வயிற்றுக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது.

பட்டியலின் கடைசியில் இருந்தவர்கள்

கூட்டில் சரணடைந்தவர்கள் சுமார் 13,000 பேர். அதில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிப்பாய்களே இல்லை. ராணுவம் அவர்களை "ஃபாலோயர்" என்றது, படைக்குப் பின்னால் வருகிறவன் என்று. சமையல்காரர், தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, துணி துவைப்பவர், செருப்புத் தைப்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், காயம்பட்டவரைத் தூக்குபவர், கக்கூஸ் சுத்தம் செய்பவர்.

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அதில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட ஃபாலோயர்களும் கூலிப்படையினரும். அவர்களில் பெரும்பகுதி போனது மெசபடோமியாவுக்கு. ஆள் போதாதபோது சிறைகளிலிருந்து கைதிகளையும் அனுப்பினார்கள். குண்டு இவர்கள் மேலும் விழுந்தது. காலரா இவர்களையும் கொன்றது. ஆனால் சம்பளம், உடுப்பு, பென்ஷன் எல்லாவற்றிலும் இவர்கள் சிப்பாய்க்குக் கீழே. அந்தச் சிப்பாயின் சம்பளமே மாதம் 11 ரூபாய்தான்.

ஃபாலோயர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. கழுதை ஓட்டுபவருக்கு ஒரு மரியாதை, கக்கூஸ் கழுவுகிறவருக்கு வேறு. யார் தண்ணீர் தூக்கலாம், யார் சமையல் கூடாரத்துக்குள் வரலாம், யார் மலம் அள்ளுவார் என்பதைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானித்தது. ஊரில் அது வழக்கம். முகாமில் அது உத்தியோகப் பிரிவாக, சம்பளப் பட்டியலாக, அரசு முத்திரையோடு வந்தது.

ஒரு முகாமில் ஆயிரம் பேர் ஒரு வாரம் மலம் கழித்து யாரும் அள்ளாவிட்டால் என்ன ஆகும்? எதிரியே தேவையில்லை, வயிற்றுப்போக்கும் காலராவும் அந்தப் படையை முடித்துவிடும். படையை உயிரோடு வைத்திருந்தவர் துடைப்பம் பிடித்தவர். பதக்கம் துப்பாக்கி பிடித்தவருக்கு.

யார் கடிதம் மிஞ்சியது?

சோற்றுக்கு அடுத்து சிப்பாய் காத்திருந்தது தபாலுக்கு. படை போன இடமெல்லாம் கள அஞ்சலகமும் கூடவே போனது. பிரான்சில் இருந்த இந்தியப் படையின் கடிதங்களைப் படித்துப் பார்க்கத் தனித் தணிக்கைக் குழுவே இருந்தது. அவர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் இன்று லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. சிப்பாய்களும் சும்மா இல்லை. கருமிளகு தீர்ந்துவிட்டது, செம்மிளகு மிச்சம் இருக்கிறது என்று எழுதினால், இந்தியச் சிப்பாய்கள் செத்துவிட்டார்கள், வெள்ளையர்கள் மிச்சம் என்று அர்த்தம். படைக்கு ஆள் சேராதீர்கள் என்று ஊருக்குச் சொல்கிற தந்திரம் அது.

இந்தக் கடிதங்களை வைத்து நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் உருது, குர்முகி, இந்தி. பஞ்சாபியின் குரல், பட்டாணியின் குரல், கார்வாலியின் குரல். "போர்ச்சாதி" என்று யாரைச் சேர்த்தார்களோ அவர்கள் குரல்தான் ஆவணம் ஆனது. தண்ணீர் தூக்கிய தமிழனின் குரல் அங்கே அரிது.

கடிதம் எழுத எழுத்து வேண்டும். 1911 கணக்கெடுப்பில் இந்தியாவில் நூறு பேரில் ஆறு பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். சேரியில் மிஷன் பள்ளியோ பஞ்சமர் பள்ளியோ எட்டிப்பார்த்த இடம் தவிர வேறெங்கும் எழுத்தே இல்லை. முகாமில் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுத வேண்டும். நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்கிற கடிதத்தில் பெண்டாட்டிக்கு என்ன சொல்ல முடியும்?

சரி, கடிதம் எழுதியாயிற்று. கப்பலேறி, பம்பாய் வந்து, ரயிலேறி, ஊர் தபால் ஆபீஸுக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து சேரிக்கு? பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்று சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924ல். போர் முடிந்து ஆறு வருடம் கழித்து அப்படி ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்றால், 1916ல் மகனின் மணியார்டரை வாங்க அக்ரகாரத் தெரு வழியாக ஒரு தாய் எப்படிப் போயிருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பஸ்ராவிலிருந்து சென்னைக்கு வந்த கடிதத்துக்கு, ஊரிலிருந்து சேரிக்கு இருக்கிற அந்த அரை மைல்தான் நீளமான தூரம்.

பெயரில்லாத எண்கள்

1917 பிப்ரவரி 23ல் ஷும்ரான் வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்தது 14ஆவது டிவிஷன். அதில் மெட்ராஸ் சாப்பர்களின் கம்பெனிகள் இருந்தன. மறு மாதமே பாக்தாத் விழுந்தது. இதற்குக் கிடைத்த பரிசு என்ன? போர் முடிந்ததும் சிக்கனம் என்ற பெயரில் மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1920களின் இறுதிக்குள் அவை இல்லாமலே போயின. 1933ல் பயனியர் படைகளும் போயின. மேற்கே, 1917ல் ஆள் தேவைப்பட்டபோது உருவாக்கிய 111ஆவது மகர் படையை 1921ல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் மீண்டும் நம் நினைப்பு வந்தது: 1941ல் மகர் ரெஜிமென்ட், 1943ல் சமார் ரெஜிமென்ட். சமார் ரெஜிமென்ட்டை 1946ல் கலைத்தார்கள். போர் வந்தால் நாமும் வீரர்கள், போர் முடிந்தால் மறுபடியும் சேரி.

செத்தவர்களுக்காவது பெயர் மிஞ்சியதா? பஸ்ராவில் இருக்கிற நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் இல்லை. ரெஜிமென்ட் பெயருக்குக் கீழே "மற்றும் இத்தனை பேர்" என்று வெறும் எண். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் தான் செய்தது பாகுபாடுதான் என்று 2021ல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்களில் அந்தக் காலத்தில் பதித்த பளிங்குப் பலகைகளும் அப்படித்தான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போரில் சேர்ந்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள். எண் மட்டும்.

நாம் எதைத் தேட வேண்டும்

கோரேகான் தூண் நமக்கு வேண்டும். "நீ கோழை, நீ அடிமை" என்று சொல்லியே வளர்த்த சமூகத்துக்கு எதிராக அந்த 22 பெயர்கள் ஒரு பலம். ஆனால் வீரத்தை மட்டும் தேடிக்கொண்டு போனால், வீரம் என்றால் என்ன என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோலையே நாமும் ஏற்றுக்கொண்டவர்கள் ஆவோம். துப்பாக்கி பிடித்தவன் மனிதன், துடைப்பம் பிடித்தவன் கணக்கில் இல்லை என்பதும் அந்த அளவுகோல்தான். நம் பாட்டன்களில் துடைப்பம் பிடித்தவர்கள் அதிகம். அவர்களை விட்டுவிட்டு எழுதுகிற தலித் வரலாறு பாதி வரலாறு.

இது பழைய கதையும் இல்லை. இன்றைய அக்னிவீர் ஆள்சேர்ப்பு அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். "டிரேட்ஸ்மேன்" என்ற பிரிவில் சமையல், சலவை, முடிதிருத்தம், மெஸ், துப்புரவு வேலைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் இன்றும் எந்தத் தெருப் பிள்ளைகள் போய் நிற்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டியது நம் வேலை. 2020 கொரோனாவின்போது துப்புரவுத் தொழிலாளர்களை "முன்களப் பணியாளர்" என்று கூப்பிட்டுப் பூப்போட்டார்கள். போர் முடிந்ததும் என்ன நடக்கும் என்பதை 1920கள் நமக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கின்றன.

அதனால் வகுப்புத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான். வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். "தாத்தாவோட அப்பா பட்டாளத்துல இருந்தாரா?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் "இல்ல" என்றுதான் பதில் வரும். சமையல்காரராகவோ தோட்டியாகவோ போனவரைப் பட்டாளத்தில் இருந்ததாக வீட்டிலேயே சொல்ல மாட்டார்கள். "பஸ்ராவுக்கோ பர்மாவுக்கோ யாராவது போனாங்களா? அங்க என்ன வேலை? என்ன சாப்பிட்டதா சொல்வாங்க? பணம் எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய பென்ஷன் தாள், மணியார்டர் ரசீது, எண் பொறித்த பதக்கம் எது இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள். சொல்பவரின் குரலைப் பதிவு செய்யுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள்.

பஸ்ராவில் அவர்கள் எண்ணாக விட்டுப்போன இடத்தில் பெயரை எழுத வேண்டியது நாம்தான். அதை ஒரு தட்டுச் சோற்றிலிருந்து தொடங்கலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தத் தம்பி.

ஜெய்பீம்.